தள்ளுபடி ரவுட்டரும் தடித்த சுவரும்

“சும்மா பார்த்துவிட்டு வருகிறேன்” என்று சொல்லிவிட்டு மின்னணுக் கண்காட்சிக்குப் போகிறவர்கள்தான் இரண்டு கையிலும் பையோடு வீடு திரும்புவார்கள். போன ஆண்டு நானும் அப்படித்தான் திரும்பினேன். பைக்குள் ஒரு வைஃபை ரவுட்டர். 129 வெள்ளி என்பதைச் சிவப்புக் கோட்டால் அடித்துவிட்டுப் பக்கத்தில் 69 வெள்ளி என்று எழுதியிருந்தார்கள். பெட்டியின் மேல் ‘ஏஎக்ஸ்3000’ என்று கொட்டை எழுத்து. கவிழ்ந்து கிடக்கும் வண்டுபோல நான்கு கொம்புகள். “கடைசி மூணு பீஸ்தான் அண்ணே” என்றார் விற்பனையாளர் தம்பி. அதற்குமேல் யோசிக்க யாரால் முடியும்?

வாங்கியதற்கு ஒரு நியாயமும் இருந்தது. பொங்கோலில் எங்கள் நாலறை வீட்டின் கடைசி அறை மகளுடையது. சனிக்கிழமை காலையில் அவளுக்கு இணையம்வழித் துணைப்பாடம். பாதி வகுப்பில் ஆசிரியரின் முகம் வாய் திறந்தபடியே உறைந்துவிடும். “அப்பா, நெட் போச்சு!” என்ற குரல் கூடத்துக்கு வரும். நான் ஓடிப்போய் ரவுட்டரை அணைத்துப் போடுவேன். இது வாரா வாரம் நடக்கும் சடங்கு.

புதியது வந்ததும் பழையதைக் குப்பையில் போட மனம் வரவில்லை. ‘நல்லாத்தானே ஓடுது’ என்று துடைத்து, தேக்காவுக்குப் பக்கத்தில் ரோவல் சாலை அடுக்குமாடியில் தனியாக இருக்கும் அத்தையிடம் கொண்டுபோய் மாட்டிவிட்டேன். அவர் வீட்டு ரவுட்டர் அடிக்கடி தானாக அணைந்துகொண்டிருந்தது. அத்தைக்கு ஒரே மகிழ்ச்சி. தேநீரும் பருப்பு வடையும் கிடைத்தன. நல்ல காரியம் செய்த நிறைவோடு வீடு திரும்பினேன்.

இந்த வாரம் எழுதுவது அந்த இரண்டு ரவுட்டர்களைப் பற்றித்தான். இரண்டிலும் நான் பார்த்தது விலையை மட்டும். இரண்டிலும் தவறினேன்.

சுவர் சொன்ன பதில்

புதிய ரவுட்டரைத் தொலைக்காட்சி மேசைமேல் வைத்தேன். கூடத்தில் இணையம் பறந்தது. மகள் அறையில் அதே ஒற்றைக் கோடு. அடுத்த சனிக்கிழமையும் ஆசிரியர் வாய் திறந்தபடியே நின்றார்.

மலிவாக வாங்கியதால்தான் இப்படி என்று முடிவு செய்தேன். ரோச்சோர் பக்கம் போய்ப் பல கடைகள் ஏறி இறங்கி, 239 வெள்ளிக்கு எட்டுக் கொம்பு உள்ள ஒன்றை வாங்கிவந்தேன். அதே மேசை, அதே இடம். மகள் அறையில் ஒரு கோடு இரண்டு கோடானது. அவ்வளவுதான்.

விடை சொன்னவர் குளிரூட்டியைக் கழுவ வந்த தம்பி. நான் புலம்பியதைக் கேட்டுக்கொண்டே கூடத்தையும் அறையையும் ஒருமுறை பார்த்தார். “அண்ணே, நடுவுல பாம்ப் ஷெல்ட்டர் நிக்குதே. இந்தச் சுவர்ல ட்ரில்லே திணறும். உங்க வைஃபை எப்படிண்ணே உள்ள போகும்?”

அவர் சொன்னது முழு உண்மை. 1998 மே மாதம் நடப்புக்கு வந்த குடிமைத் தற்காப்புப் பாதுகாப்பறைச் சட்டத்தின்படி, புதிதாகக் கட்டப்படும் வீவக வீடுகளில் பாதுகாப்பறை இருக்க வேண்டும். நாம் அரிசி மூட்டையும் தீபாவளி விளக்குப் பெட்டியும் அடுக்கிவைக்கும் அந்தச் சிறிய அறைதான். அதன் சுவர் சாதாரணத் தடுப்புச் சுவர் அல்ல. உள்ளே இரும்புக் கம்பிகள் நிறைந்த கனத்த கான்கிரீட். கதவோ இரும்பு. குண்டு வெடிப்பைத் தடுக்கக் கட்டியது வைஃபை அலையையும் தடுக்கத்தான் செய்யும்.

வைஃபை இரண்டு முக்கிய அலைவரிசைகளில் வருகிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சுவரை ஓரளவு தாண்டும், ஆனால் மெதுவானது. அடுக்குமாடியில் மேல்வீடு, கீழ்வீடு, பக்கத்து வீடு எல்லாருடைய அலைகளும் அதில்தான் முட்டிக்கொள்கின்றன. ஒன்றோடொன்று மோதாத தடங்கள் அதில் மூன்றே மூன்று. மைக்ரோவேவ் அடுப்பும் அதே அலைவரிசையில்தான் இரைச்சல் போடும். 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமானது, ஆனால் கான்கிரீட்டைக் கண்டால் சோர்ந்துவிடும். 2023இல் நம் ஊரில் வைஃபைக்குத் திறந்துவிடப்பட்ட 6 கிகாஹெர்ட்ஸ் அலை இன்னும் கூச்சம் மிக்கது. அதே அறைக்குள் அருமையாக ஓடும். சுவருக்கு அந்தப் பக்கம் அதிகம் எதிர்பார்க்கக்கூடாது.

ஆகவே கடைக்குப் போகுமுன் வீட்டைச் சுற்றி ஒரு நடை நடந்து பாருங்கள். திறன்பேசியில் வேகத்தைச் சோதிக்கும் செயலி ஒன்றைத் திறந்து, ரவுட்டருக்குப் பக்கத்தில் நின்று ஒருமுறை, பிரச்சினை உள்ள அறையில் நின்று ஒருமுறை பாருங்கள். பக்கத்தில் நிற்கும்போதே வேகம் இல்லை என்றால் கோளாறு ரவுட்டரிலோ இணையச் சேவையிலோ இருக்கலாம். பக்கத்தில் நன்றாக இருந்து அறையில் மட்டும் இல்லை என்றால் குறை பெரும்பாலும் இடத்தில்தான். அதற்குப் பணம் தேவையில்லை, இடமாற்றம் போதும்.

நான் கடைசியில் செய்தது பத்து மீட்டர் கம்பி ஒன்றை வாங்கிச் சுவரோரமாக இழுத்து, ரவுட்டரைப் படுக்கையறைகளுக்குப் போகும் நடைவழியின் முனைக்கு மாற்றியதுதான். மகள் அறையில் எல்லாக் கோடுகளும் எழுந்து நின்றன. ஆவல் தாங்காமல் எட்டுக் கொம்பைக் கழற்றிவிட்டு, அதே இடத்தில் 69 வெள்ளி ரவுட்டரையும் மாட்டிப் பார்த்தேன். அதுவும் குறையில்லாமல் ஓடியது. மனைவி ஒன்றும் சொல்லவில்லை. 239 வெள்ளி ரசீதை மட்டும் குளிர்பதனப்பெட்டியின் கதவில் காந்தத்தால் ஒட்டிவைத்தார்.

கம்பி இழுக்க முடியாத வீடுகளுக்கு ‘மெஷ்’ எனப்படும் இரட்டை ரவுட்டர் உதவும். ஒன்று அலையை அனுப்ப, மற்றொன்று வாங்கிப் பரப்பும். ஆனால் இரண்டாவது பெட்டியைப் பாதுகாப்பறைக்கு நேர் பின்னால் வைத்தால் அதற்கும் நம் மகளின் நிலைதான். புதிய வீவக வீடுகள் பலவற்றில் அறைக்கு அறை இணையக் கம்பி முனை சுவரிலேயே இருக்கிறது. மெஷ் பெட்டிகளை அதில் இணைத்தால் சுவரைப் பற்றிய கவலையே வேண்டாம். பலர் அந்த முனையின்மேல் அலமாரியை வைத்து மூடிவிட்டு, பிறகு ரவுட்டர்மேல் கோபப்படுகிறார்கள்.

பெட்டியில் உள்ள எண்

‘ஏஎக்ஸ்3000’ என்றால் 3,000 மெகாபிட் வேகம் என்று நானும் நினைத்திருந்தேன். அது ஒரு கூட்டல் கணக்கு. 2.4 கிகாஹெர்ட்ஸில் 574, 5 கிகாஹெர்ட்ஸில் 2,402. கூட்டி, மேல்நோக்கி முழுமையாக்கி 3,000 என்று அச்சிடுகிறார்கள். சாதாரணத் திறன்பேசி ஒரு நேரத்தில் ஒரு அலைவரிசையில்தான் இணையும். அந்த 2,402ஐயும் எட்ட எல்லாத் திறன்பேசிகளாலும் முடியாது. பலவற்றுக்கு உச்சமே 1,201தான். அதுவும் ஏட்டுக் கணக்கு. சுவர், தூரம், கூட்டம் எல்லாம் போக மிச்சம்தான் நம் கைக்கு வரும்.

மேல் அட்டையைவிட முக்கியம் பின்பக்கத்தில் உள்ள துளைகள். மிக மலிவான சில ரவுட்டர்களில் கம்பித் துளையின் வேகம் 100 மெகாபிட்தான். 1 கிகாபிட் சேவைக்கு மாதாமாதம் பணம் கட்டிவிட்டு அதை மாட்டினால், ஆறு வழிச் சாலையின் முடிவில் ஒற்றையடிப் பாதை போட்டதுபோல. பெட்டியில் ‘கிகாபிட் போர்ட்’ என்று இருக்கிறதா எனப் பாருங்கள்.

இப்போது 3 கிகாபிட், 10 கிகாபிட் என்று சேவைகள் வருகின்றன. நாட்டின் விரிவலைக் கட்டமைப்பை 10 கிகாபிட்டுக்கு உயர்த்த 2024இல் அரசாங்கம் 100 மில்லியன் வெள்ளி வரை ஒதுக்கியது. அந்தச் சேவைக்கு மாறினால் கிகாபிட் துளை போதாது; 2.5 அல்லது 10 கிகாபிட் துளை வேண்டும். ஆனால் அதற்கு முன் ஒரு கேள்வி: உங்கள் வீட்டில் அத்தனை வேகத்தை யார் குடிக்கப்போகிறார்கள்? இருவர் படம் பார்த்து, ஒருவர் வேலை செய்து, ஒருவர் விளையாடும் வீட்டுக்கு 1 கிகாபிட் சேவையும் ஒழுங்கான ‘வைஃபை 6’ ரவுட்டரும் தாராளம்.

‘வைஃபை 7’ சாதனங்களுக்கான சான்றளிப்பு 2024 ஜனவரியில் தொடங்கியது. அதனால்தான் ‘வைஃபை 6’ சரக்குகளுக்கு இவ்வளவு தள்ளுபடி. இது நமக்குச் சாதகம். அதற்கும் முந்திய ‘வைஃபை 5’ சரக்கை 29 வெள்ளிக்குக் கொடுத்தாலும் யோசியுங்கள். ஏன் என்று அத்தை கதை சொல்லும்.

இன்னொன்று, இணையச் சேவையோடு தொலைக்காட்சிப் பெட்டியும் எடுத்திருப்பவர்கள் வாங்கும் ரவுட்டர் அதற்கு ஒத்துப்போகுமா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். சில சேவைகளில் தொலைக்காட்சிக்குத் தனித் தடம் உண்டு. அந்த அமைப்பு இல்லாத ரவுட்டரை மாட்டினால் இணையம் வரும், மாலைத் தொடர் வராது. வீட்டில் எது பெரிய குழப்பம் என்பது உங்களுக்கே தெரியும்.

அத்தை வீட்டு வாசல்

தீபாவளிக்கு அத்தை வீட்டுக்குப் போயிருந்தோம். அத்தையின் பேரன், மகன் வழிப் பேரன், பலதுறைத் தொழிற்கல்லூரியில் இணையப் பாதுகாப்பு படிக்கிறான். முறுக்கைக் கடித்துக்கொண்டே ரவுட்டரைத் திருப்பிப் பார்த்தான். பிறகு திறன்பேசியில் எதையோ தட்டினான்.

“மாமா, இது உங்க பழைய ரவுட்டரா?”

“ஆமாப்பா. நல்லாத்தானே ஓடுது?”

“ஓடுது மாமா. ஆனா கடைசி அப்டேட் 2018ல வந்திருக்கு. அதுக்கப்புறம் கம்பெனி இதைக் கைவிட்டுடுச்சு. பாஸ்வேர்டு இன்னும் கடையில வாங்கினப்ப இருந்ததுதான். பாட்டி இதுலதான் பேங்க் பார்க்குறாங்க.”

எனக்கு முறுக்கு இறங்கவில்லை. அத்தை பள்ளிக்கூடச் சிற்றுண்டிச்சாலையில் முப்பது ஆண்டுகள் நின்று சேர்த்த பணம் அந்த வங்கிக் கணக்கில் இருக்கிறது.

ரவுட்டர் என்பது வீட்டு இணையத்தின் வாசல் கதவு. அதில் ஓட்டைகள் காலப்போக்கில் கண்டுபிடிக்கப்படும். தயாரித்த நிறுவனம் அவ்வப்போது அடைத்துக் கொடுக்கும். ஒரு கட்டத்தில் அந்த வகைக்கு ஆயுள் முடிந்தது என்று நிறுத்திவிடும். அதன் பிறகு கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகள் திறந்தே கிடக்கும். விளக்கு எரியும், படம் ஓடும், ஒன்றும் தெரியாது.

உள்ளே வந்தவன் என்ன செய்வான்? ரவுட்டரில் இணையத்தளங்களின் முகவரிகளைக் கேட்டறியும் ஓர் அமைப்பு உண்டு. அதை மாற்றிவிட்டால், நாம் வங்கியின் பெயரைச் சரியாகத் தட்டினாலும் போலிப் பக்கத்துக்குப் போய்ச் சேரலாம். 2018இல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ரவுட்டர்கள் இப்படி மாற்றப்பட்டது வெளிவந்தது. பெரும்பாலானவை பிரேசில் நாட்டில். இன்று வங்கிச் செயலிகளுக்கும் உலாவிகளுக்கும் தனிப் பாதுகாப்பு இருக்கிறது, எச்சரிக்கையும் வரும். ஆனால் எச்சரிக்கை வந்தால் ‘சரி, சரி’ என்று தட்டிவிட்டுப் போகும் பழக்கம் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு மட்டுமா இருக்கிறது?

நம் வீட்டு ரவுட்டரை வைத்து அடுத்தவரைத் தாக்கவும் முடியும். 2016 அக்டோபர் 22, 24 தேதிகளில் ஸ்டார்ஹப் வாடிக்கையாளர்கள் பலருக்கு இணையம் நின்றது பலருக்கு நினைவிருக்கலாம். வாடிக்கையாளர்களின் வீடுகளிலிருந்த, நச்சு நிரல் புகுந்த இணையக் கேமரா, ரவுட்டர் போன்ற சாதனங்களிலிருந்தே அந்தத் தாக்குதல் வந்தது என்று நிறுவனம் தெரிவித்தது. 2025 மே மாதம் அமெரிக்காவின் எஃப்பிஐ, ஆயுள் முடிந்த பழைய லிங்க்சிஸ் ரவுட்டர் வகைகளைப் பெயர் சொல்லிப் பட்டியலிட்டு, அவற்றைக் குற்றக் கும்பல்கள் முகமூடியாகப் பயன்படுத்துவதாக எச்சரித்தது. இதுபோன்ற பழைய வகைகள்தான் ‘நல்ல நிலையில் உள்ளது’ என்ற குறிப்போடு பத்து வெள்ளிக்குக் கைமாறுகின்றன. நான் செய்ததுபோல இலவசமாகவும் கைமாறுகின்றன.

நல்லவேளை, அத்தையின் பணத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. அன்று மாலையே அந்த ரவுட்டரைக் கழற்றினோம்.

விலையை ஆண்டால் வகுங்கள்

அன்றிலிருந்து நான் தள்ளுபடியை வேறுவிதமாகக் கணக்குப் பார்க்கிறேன். விலையை, இன்னும் எத்தனை ஆண்டு பாதுகாப்பு மேம்பாடு வரும் என்பதால் வகுத்துவிடுவது. 120 வெள்ளி ரவுட்டருக்கு இன்னும் ஐந்து ஆண்டு மேம்பாடு வருமானால் ஆண்டுக்கு 24 வெள்ளி. 60 வெள்ளி ரவுட்டருக்கு ஓராண்டுதான் மிச்சம் என்றால் ஆண்டுக்கு 60 வெள்ளி. பாதி விலைக்குக் கிடைத்தது உண்மையில் இரண்டரை மடங்கு விலை.

அந்த ஆண்டுக் கணக்கை எங்கே பார்ப்பது? தயாரித்த நிறுவனத்தின் இணையத்தளத்தில் ரவுட்டரின் மாதிரி எண்ணைத் தேடி, கடைசி மேம்பாடு எப்போது வந்தது, ஆயுள் முடிந்த பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். கடையில் நின்றபடியே ஐந்து நிமிடத்தில் செய்யலாம்.

சிங்கப்பூரில் நமக்கு இன்னொரு துணையும் இருக்கிறது. இணையப் பாதுகாப்பு அமைப்பு 2020இல் இணையப் பாதுகாப்பு முத்திரைத் திட்டத்தைத் தொடங்கியது. நான்கு நிலைகள். இங்கு விற்பனைக்கு வரும் வைஃபை ரவுட்டர்கள் குறைந்தது முதல் நிலையை எட்ட வேண்டும் என்ற தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையத்தின் விதி 2021 ஏப்ரலில் நடப்புக்கு வந்தது. ஒவ்வொரு பெட்டிக்கும் தனிக் கடவுச்சொல், தானாக வரும் பாதுகாப்பு மேம்பாடு போன்றவை அதில் அடங்கும். முத்திரைக்கும் ஆயுள் உண்டு. நிறுவனம் மேம்பாடு தரும் காலம் வரைதான், அதிகபட்சம் மூன்று ஆண்டு. அமைப்பின் இணையத்தளத்தில் பட்டியல் இருக்கிறது. கண்காட்சியில் கிடைத்த பெட்டியின் முத்திரை அடுத்த மாதம் காலாவதி என்றால் அந்தத் தள்ளுபடியின் காரணம் புரிந்துவிடும். வெளிநாட்டு இணையக் கடைகளில் வாங்கும்போது இந்த விதியின் பாதுகாப்போ உள்ளூர் உத்தரவாதமோ இருக்கும் என்று நம்பிவிட வேண்டாம்.

அடித்துப் போட்ட 129 வெள்ளியையும் அப்படியே நம்ப வேண்டாம். உண்மையில் அந்த விலைக்கு விற்காமலே பழைய விலை என்று காட்டுவது முறையற்ற வணிகம். அதே மாதிரி எண்ணை இரண்டு மூன்று இடங்களில் ஒப்பிட்டால் வண்டவாளம் தெரிந்துவிடும்.

வாங்கியது பழுதானால் ‘தள்ளுபடிப் பொருள், திரும்பப் பெறமாட்டோம்’ என்று எழுதி ஒட்டியிருந்தாலும் உங்கள் உரிமை போய்விடாது. 2012 செப்டம்பரில் நடப்புக்கு வந்த ‘லெமன் சட்டம்’ தள்ளுபடிப் பொருளுக்கும் கடையில் வாங்கிய பழைய பொருளுக்கும் பொருந்தும். ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், வாங்கும்போதே இருந்த குறை என்றே கருதப்படும். இல்லை என்று நிரூபிப்பது கடைக்காரர் பொறுப்பு. பழுது பார்த்தோ மாற்றியோ தரவேண்டும். கேட்காவிட்டால் பயனீட்டாளர் சங்கத்தை நாடலாம். ஆனால் தனிமனிதர் ஒருவரிடம் நேரடியாக வாங்கியதற்கு இது பொருந்தாது. என்னைப்போலச் சுவரைப் பார்க்காமல் வாங்கியதற்கும் பொருந்தாது. ரவுட்டரில் குறை இல்லையே!

பழைய ரவுட்டரைக் கழற்றியபின் அதன் சிறு துளைப் பொத்தானைப் பத்து விநாடிக்குமேல் அழுத்தி, உள்ளே இருப்பதை எல்லாம் அழித்துவிட்டு மின்கழிவுத் தொட்டியில் போடுங்கள். அன்பின் மிகுதியால் யாருக்கும் கொடுக்காதீர்கள்.

அத்தை வீட்டில் இப்போது ஓடுவது அந்த 69 வெள்ளி ரவுட்டர். மாதிரி எண்ணைத் தேடிப் பார்த்தேன். மேம்பாடு இன்னும் வந்துகொண்டிருக்கிறது. பேரன் கடவுச்சொல்லை மாற்றி, தானாக மேம்படும் வசதியும் இயங்குகிறதா என்று பார்த்துவிட்டுப் போனான். பழைய கட்டடம்; பாதுகாப்பறை இல்லை. சமையலறை வரை எல்லாக் கோடுகளும் எழுந்து நிற்கின்றன.

“முன்ன கொடுத்ததும் நல்லாத்தானே இருந்துச்சு, எதுக்குடா மாத்துன?” என்றார் அத்தை.

“அதுக்கு வயசாயிடுச்சு அத்தை” என்றேன்.

“எனக்குந்தான் வயசாச்சு. என்னையும் மாத்திடுவியா?” என்று சிரித்துக்கொண்டே வடைத் தட்டை என் பக்கம் நகர்த்தினார்.